லேப்டாப்புக்கு ஐஸ் வைத்த சிலுவைதாசன்

சிலுவைதாசனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. முப்பத்து நான்கு வருஷம் குளச்சல் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போட்ட கை அது. போன வருஷம் ஏலக்கூடத்து ஈரத்தில் வழுக்கி விழுந்து இடது கால் முட்டு போனது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில்தான். வீட்டில் என்றால் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. முன்வாசலிலிருந்து அடுக்களைக்கு, அடுக்களையிலிருந்து கிணற்றடிக்கு, அங்கிருந்து திரும்ப முன்வாசலுக்கு. குழாய் சொட்டினால் திருகுவார். சொட்டாத குழாயையும் ஒருமுறை திருகிப் பார்ப்பார். மனைவி குளோரி, "இஞ்ச பாருங்க, நீங்க நடக்க நடக்க எனக்குத் தலை சுத்துது, ஒரு எடத்துல இரிங்க" என்பாள். இருப்பார், ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை முடிகிறவரைக்கும். கடைசி மணியை உதட்டில் வைத்து முத்தி செய்ததும் எழுந்துவிடுவார்.

ஐஸ் போடுவதில் என்ன இருக்கிறது, அள்ளிக் கொட்டினால் போதாதா என்று வெளியாட்கள் கேட்பார்கள். அது தெரியாத பேச்சு. கட்டி ஐஸைப் பொடியாக அடித்து, பெட்டிக்கு அடியில் ஒரு படுக்கை போட வேண்டும். அதன் மேல் மீன், மீனுக்கு மேல் மறுபடியும் ஐஸ். சாளைக்கு ஒரு கணக்கு, நெய்மீனுக்கு ஒரு கணக்கு. பெட்டியின் அடியில் ஓட்டை திறந்திருக்க வேண்டும். உருகின தண்ணீர், அங்கே வெள்ளம் என்பார்கள், வெளியே போகாமல் நின்றால் மேலே எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் அடி மீன் கெட்டுப்போகும். பெட்டிக்கு வெளியே வேர்த்து முத்து முத்தாக நின்றால் சிலுவைதாசனுக்கு மனசு நிறைந்துவிடும். உள்ளே ஐஸ் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சூடு என்று ஒன்று இருந்தால் அதற்கு மருந்து ஐஸ்தான் என்பதில் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அந்த நம்பிக்கைதான் ஏப்ரல் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவரைக் கவிழ்த்துவிட்டது.

இளைய மகள் ஜினிஷா, வீடு கட்டுவதற்கு முன்னாலேயே வீட்டைப் படமாகக் காட்டும் வேலையை மூன்று வருஷமாகப் படித்துப் பழகியிருந்தாள். வாசலிலிருந்து ஒவ்வொரு அறைக்குள்ளும் நாமே நடந்துபோவது போல கம்ப்யூட்டரில் ஓடும் படம். அதற்குச் சாதாரண லேப்டாப் தாங்காது, பையன்கள் கேம் விளையாட வாங்குகிற பெரிய லேப்டாப்தான் வேண்டும் என்று சொல்லி, மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற மூத்தவள் லிஜா ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தாள். எழுத்துக் கட்டைகளுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும் லேப்டாப் அது. கொச்சியில் ஒரு கம்பெனி ஜினிஷாவுக்கு ஒரு பரீட்சை வைத்திருந்தது. ஒரு வீட்டின் வரைபடத்தை அனுப்பி, அதைப் படமாக்கி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அது பிடித்துப்போனால் வீட்டிலிருந்தே வேலை. பிடிக்காவிட்டால் மஸ்கட்டில் ஒரு கடையில் பில் போடும் வேலைக்கு லிஜா பேசிவைத்திருந்தாள். மாதக் கடைசியில் விமானம். மூன்று வருஷம் கற்றது அத்தோடு போகும். ஜினிஷா இதைப் பற்றி வாய் திறந்து புலம்பவில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

படத்தைச் செய்து முடித்தாகிவிட்டது. அதை ஓடுகிற படமாக மாற்றும் கடைசி வேலைதான் பாக்கி. அது மணிக்கணக்கில் ஓட வேண்டும். இருபது நிமிஷம் ஓடியதும் லேப்டாப் இரைச்சல் போட்டு, தொட முடியாதபடி சுட்டு, பட்டென்று அணைந்துவிடும். புதன்கிழமை ஒரு நாளில் நாலு தடவை அணைந்தது. குளோரி தன் பங்குக்கு, விலை கூடின சாமானுக்குக் கீறல் விழக் கூடாது என்று ஒரு போர்வையை நாலாக மடித்து அதற்கு அடியில் போட்டிருந்தாள். ஜினிஷா திரையில் ஒரு மூலையைக் காட்டி, இதுதான் சூட்டு அளவு, தொண்ணூற்றேழு என்று அப்பாவிடம் சொன்னாள். சிலுவைதாசனுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கை பரபரத்தது. அறைக்குள் போவார், எட்டிப் பார்ப்பார், வெளியே வருவார்.

வியாழக்கிழமை காலைப் பூசைக்குத் தாயும் மகளும் கோயிலுக்குப் போனார்கள். முட்டு வலி என்று அவர் போகவில்லை. கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஐஸ் கடைக்கு நொண்டிக்கொண்டே போய் வந்தார். பொடி ஐஸை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ஒழுகாதபடி இரட்டை முடிச்சுப் போட்டார். மேஜையில் பைகளைப் பரப்பி, மேலே ஒரு சில்வர் தட்டு. தட்டின் மேல் லேப்டாப். முதல் நாள் அணைந்ததும் அதை மூடாமல் வைத்திருந்தாள் ஜினிஷா. அவரும் அப்படியே வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தபோது அடிப்பக்கம் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. தட்டின் ஓரமும் லேப்டாப்பின் அடியும் வேர்த்து முத்து முத்தாக நின்றன. அதைப் பார்த்து அவருக்கு எத்தனை சந்தோஷம் என்கிறீர்கள். கொல்லத்துக்குப் போகிற நெய்மீன் பெட்டி போலவே நிற்கிறதே என்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். கேட் சத்தம் கேட்டதும் ஐஸைக் கிணற்றடியில் கொட்டிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் எல்லாவற்றையும் துடைத்து, லேப்டாப்பைப் போர்வைமேல் பழையபடி வைத்தார். மகளுக்கு ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் சொல்லாமல் விட்டார்.

ஜினிஷா முக்காட்டை எடுத்துவிட்டு நேராக வந்து பொத்தானை அழுத்தினாள். கட்டைகளுக்கு அடியில் விளக்கு ஒருமுறை மின்னியது. அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடியும் அழுத்தினாள். ஒன்றுமில்லை.

குளோரி உள்ளே ஓடிப்போய் வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தக் குப்பியை எடுத்து வந்து, மாதா பெயரைச் சொல்லி லேப்டாப்பில் தெளிக்கக் கை ஓங்கினாள். சிலுவைதாசன் குறுக்கே வந்து குப்பியைப் பிடித்துக்கொண்டார். வெள்ளம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். எந்தத் தீர்த்தத்துக்கும் வேண்டாம் என்று சொல்லாத மனுஷன் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். யாராவது இதைத் தொட்டீர்களா என்று ஜினிஷா கேட்டாள். எனக்குத் தெரியாது மக்களே என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த சொல்லைத் திரும்ப எடுக்க அவருக்குத் தெரியவில்லை.

கருங்கலில் சந்தைக்குப் பக்கத்தில் மாடியில் முருகதாஸ் என்ற பையன் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அய்யாவழிக் குடும்பம், நெற்றியில் வெள்ளை நாமம் இல்லாமல் கடை திறக்க மாட்டான். நல்ல கைராசிக்காரன் என்று ஜினிஷாவோடு படித்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக் கிளம்பியபோது சிலுவைதாசனும் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். பஸ்ஸில் அவருக்கு இருக்கை கிடைத்தது, உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தார். சொன்னால், காலையில் கேட்டபோது பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவேளை ஐஸால் இல்லாமல் வேறு ஏதாவது கோளாறாக இருக்கலாம் என்றும் ஒரு நினைப்பு. அந்த நினைப்பு பிசாசு கொடுப்பது என்று அவருக்கே தெரிந்தது.

முருகதாஸ் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீழே விழுந்ததா என்று கேட்டான், இல்லை என்றாள். சாயா, வெள்ளம் ஏதாவது பட்டதா என்று கேட்டான். அதுவும் இல்லை, சூடாகிச் சூடாகி அணையும், இன்று அப்படியே நின்றுவிட்டது என்றாள். அப்படியென்றால் முதலில் கரண்ட் கொடுத்துப் பார்ப்போம் என்று மேஜைக்கு அடியிலிருந்து சார்ஜரை இழுத்து, ஊசியைத் துளைக்கு நேராகக் கொண்டுபோனான்.

சிலுவைதாசன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். ஐஸ் கட்டியைப் பிடித்த பிடி, பையனுக்குக் கை வலித்திருக்கும்.

"குத்தாத மக்கா. உள்ள வெள்ளம் நிக்கும். நான் அடியில ஐஸ் வச்சேன்."

எப்போது என்று ஜினிஷா கேட்டாள். நீங்கள் பூசைக்குப் போனபோது என்றார்.

"நான் கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னியளே, அப்பா."

அவர் தரையைப் பார்த்தார். முருகதாஸ் சார்ஜரைத் தூரமாக வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டான். "இது லேப்டாப்பு அண்ணாச்சி, நெய்மீன் இல்ல" என்றான். பிறகு, இப்போதாவது சொன்னீர்களே, ஈரத்தோடு கரண்ட் ஏறியிருந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை கருகிப் போயிருக்கும், என்னாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னான்.

அடிமூடியைக் கழற்றி, முதலில் பேட்டரியின் வயரைப் பிடுங்கினான். பலகையின் மேல் மூன்று நாலு இடத்தில் பனித்துளி மாதிரி நின்றது. காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த இரும்பைத் தொட்டால் தண்ணீராகிவிடும், நம் கடற்கரைக் காற்றில் ஈரத்தோடு உப்பும் உண்டு, பை ஒழுக வேண்டிய அவசியமே இல்லை என்று விளக்கினான். பெட்டிக்கு வெளியே முத்து முத்தாக நின்றதே, அது இதுதான் என்று சிலுவைதாசனுக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் பார்த்துச் சந்தோஷப்பட்ட வேர்வை. அவன் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு இடமாகத் துடைத்தான். நாளைக் காலை வரைக்கும் திறந்தே காய வேண்டும், அதற்கு முன்னால் கேட்கக் கூடாது என்றான்.

பிறகு உள்ளே இருந்த இரண்டு சின்னக் காற்றாடிகளைக் காட்டினான். காற்றாடிக்கும் வெளியே போகிற வழிக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது ஒரே துண்டாக வந்தது. சூட்டை இழுக்கிற செம்புக் குழாய்க்கு அடியில் தடவியிருக்கும் பசை, காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது. அடிப்பக்கத்தில் காற்று உள்ளே வர வரிவரியாகத் திறப்பு இருந்தது. அந்தத் திறப்பைத்தான் நாலு மடிப்புப் போர்வை அடைத்திருக்கிறது. சிலுவைதாசன் அந்த வரிகளையே வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் ஓட்டைய அடச்சிட்டு மேல ஐஸ் கொட்டியிருக்கேன்" என்றார்.

முருகதாஸுக்கு அது புரியவில்லை. ஜினிஷாவுக்குப் புரிந்தது, ஆனாலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இனி எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். மெத்தை, போர்வை, மடி எதிலும் வைக்கக் கூடாது. கெட்டியான மேஜை வேண்டும். பின்பக்கம் இரண்டு விரல் உயர்ந்து நிற்க ஏதாவது முட்டுக்கொடுத்தால் போதும், இரண்டு குப்பி மூடி இருந்தாலும் சரி. பின்னால் சுவர் ஒட்டியிருந்தால் வெளியே வரும் சூடு திரும்ப உள்ளேயே போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி ஊத வேண்டும். ஊதும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழலவிட்டால் கெட்டுப்போகும். கடைசியாக ஒன்று சொன்னான். லேப்டாப்பின் பவர் செட்டிங்கில் உச்ச வேகம் நூறு என்று இருப்பதைத் தொண்ணூற்றொன்பது ஆக்க வேண்டும். ஓர் எண்ணில் என்ன வந்துவிடப் போகிறது என்று சிலுவைதாசனுக்குத் தோன்றியது. நூறு என்றால் அது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும், தொண்ணூற்றொன்பது என்றால் நடக்கும், சூடு பத்துப் பதினைந்து குறைந்துவிடும், ஆனால் வேலை கொஞ்சம் மெதுவாகும் என்றான் அவன்.

எவ்வளவு மெதுவாகும் என்பதுதான் ஜினிஷாவின் கேள்வி. ஆறு மணி நேரம் பிடிக்கலாம் என்றான். காலையில் பத்து மணிக்குள் கையில் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அன்றைக்கு மிச்ச நேரம் எப்படிப் போனது என்று சிலுவைதாசனுக்குத்தான் தெரியும். ஜினிஷா அவரோடு பேசவில்லை. குளோரி பேசினாள், நன்றாகவே பேசினாள்; மீனுக்கும் மகளுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டேனே என்றாள். அவர் கோயிலுக்குப் போய் முட்டு வலியோடு முழங்காலில் நின்றார். பொய்யை மன்னிக்க வேண்டும் என்று கேட்டார். அப்புறம் லேப்டாப்பை ஒழுங்காக்கித் தர வேண்டும் என்று கேட்டார். எதை முதலில் கேட்பது என்று குழம்பி இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டார். ஜெபமாலை இரண்டாம் பத்தைத் தாண்டவில்லை. எழுந்து துறைமுகத்துக்கு நடந்தார், அங்கே ஐஸ் அடிக்கிற சத்தம் கேட்டதும் நிற்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே போய்க் கடை திறக்கும் முன்னால் மாடிப்படியில் நின்றார்கள். முருகதாஸ் எல்லாவற்றையும் பூட்டி, புதுப் பசை தடவி, ஊசியைச் செருகி, பொத்தானை அழுத்தினான். சிவப்பும் நீலமும் எரிந்தது, திரையும் வந்தது. சிலுவைதாசன் சிலுவை வரைந்துகொண்டார். அந்தப் பையனும் தன் நெஞ்சைத் தொட்டு அய்யாவை நினைத்துக்கொண்டான்.

வீட்டில் பத்தேகாலுக்கு ஓட்டம் ஆரம்பித்தது. மேஜை சுவரைவிட்டுத் தள்ளி நின்றது, அடியில் இரண்டு குப்பி மூடி. தொட்டுவிடக் கூடாது என்று அவருக்குக் குளோரியின் உத்தரவு. அவர் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று திரையின் மூலையில் இருக்கும் எண்ணையே பார்த்தார். எண்பத்தொன்று, எண்பத்துமூன்று, எண்பத்திரண்டு. இருபது நிமிஷம் தாண்டியது. ஒரு மணி நேரம் தாண்டியது. லேப்டாப் இரைந்ததே தவிர அணையவில்லை. ஜினிஷா கஞ்சியைக்கூட அங்கேயே இருந்துதான் குடித்தாள். படம் பாதி வந்திருந்தபோது, நூறாக்கினால் சீக்கிரம் முடிந்துவிடுமே என்று அவள் விரல் இரண்டு தடவை போனது. இரண்டு தடவையும் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு மேல் எண் ஏற ஆரம்பித்தது. எண்பத்தெட்டு. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. ஜினிஷா மேஜைக் காற்றாடியைத் திருப்பி வைத்தாள், குறையவில்லை. தூசியும் இல்லை, பசையும் புதுசு, பிறகு ஏன் என்று அவள் நகத்தைக் கடித்தாள். சிலுவைதாசன் எண்ணை விட்டுவிட்டு அறையைப் பார்த்தார். துறைமுகத்தில் பெட்டிகளை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டிருக்க முடியாது. வெயில் நகர நகர நிழலைப் பார்த்துப் பெட்டியையும் நகர்த்த வேண்டும். இந்த ஜன்னல் மேற்கே கடலைப் பார்த்தது. காலையில் நிழலாக இருந்த மேஜையின் மேல் இப்போது ஒரு முழ அகலத்துக்கு வெயில் விழுந்து, லேப்டாப்பின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. நகர்த்தினால் வயர் ஏதாவது அசைந்து நின்றுவிடுமோ என்ற பயம். அவர் வெளியே போனார். கிணற்றடியில் கிடந்த பழைய நீலத் தார்ப்பாயை உதறி எடுத்து, முட்டு வலிக்க வலிக்க ஸ்டூலில் ஏறி, ஜன்னலுக்கு வெளியே இரண்டடி தள்ளிக் கட்டினார். ஒட்டிக் கட்டவில்லை, காற்று வர வேண்டும் என்று இந்தத் தடவை யோசித்துத்தான் கட்டினார். ஒரு முனைக்கு ஆணி கிடைக்கவில்லை. அதைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றார்.

உள்ளே நிழல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஜினிஷாவின் குரல் கேட்டது. யாரிடம் என்று சொல்லாமல், எண்பத்தாறு என்றாள். பிறகு எண்பத்துநாலு என்றாள். குளோரி ஒரு கயிறு கொண்டுவந்து கொடுத்து, கையை விடுங்கள் என்று சொல்லும்வரை அவர் விடவில்லை.

நாலு மணி முப்பத்தெட்டுக்குப் படம் முடிந்தது. அனுப்புவதற்குப் பதினாலு நிமிஷம் பிடித்தது. ஐந்தாக எட்டு நிமிஷம் இருக்கும்போது கொச்சிக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஜினிஷா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் கதவுப்பக்கம் திரும்பி, பார்க்க வாருங்கள் என்று சொன்னாள்.

முந்தின நாள் கடையில் கேட்டதற்குப் பிறகு அவள் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. சிலுவைதாசன் வந்து அவள் பின்னால் நின்று பார்த்தார். கட்டாத வீட்டின் கதவு தானாகத் திறந்தது. முன்னறை, படி, படுக்கையறை, ஜன்னலில் ஆடுகிற திரை. அடுக்களை வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"கொள்ளாம் மக்களே. ஆனா மீன் எங்க வச்சு வெட்டுவாவ?"

ஜினிஷா படத்தை நிறுத்தினாள். அடுக்களையைப் பார்த்தாள். பின்வாசலைப் பார்த்தாள். அங்கே ஒரு கல்லும் குழாயும் வைக்க இடம் இருக்கத்தான் செய்தது, வைக்கவில்லை. "ஒரு நாள் முன்ன சொல்லியிருக்கக் கூடாதா, அப்பா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். ஐஸ் வைத்ததைவிடத் தெரியாது என்று சொன்னதுதான் தனக்கு வலித்தது என்றும் அப்போதே சொன்னாள். இனிப் பொய் சொல்ல மாட்டேன் என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை கொச்சியிலிருந்து பதில் வந்தது. படியின் கைப்பிடியையும் படுக்கையறையின் நிறத்தையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். மீன் வெட்டும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்றாம் தேதியிலிருந்து வேலை, வீட்டிலிருந்தே. ஜினிஷா லிஜாவுக்குப் போன் போட்டு, கடைக்காரரிடம் நான் வரவில்லை என்று சொல்லிவிடு என்றாள். அந்தப் பக்கத்தில் லிஜா கொஞ்சம் திட்டினாள், கொஞ்சம் அழுதாள், பிறகு வாழ்த்தினாள்.

சிலுவைதாசன் கோயிலுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வருகிற வழியில் நாலு தென்னோலை இழுத்துக்கொண்டு வந்தார். தார்ப்பாய் சூட்டைப் பிடிக்கும், ஜன்னலுக்கு ஓலைத் தட்டிதான் சரி என்று சொல்லி, வெயில் எந்த மணிக்கு எங்கே விழுகிறது என்று சுவரில் கரிக்கட்டையால் கோடு போட ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் ஜன்னலிலிருந்து கிணற்றடிவரைக்கும் சுவர் முழுவதும் கோடாகிவிட்டது. டாக்டர் என்ன சொன்னார் என்று குளோரி உள்ளே இருந்து கேட்டாள்.

"பாரம் தூக்காதன்னுதான் சொன்னாரு ஏட்டி, ஓலைக்கு என்ன பாரம்" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டூலைத் தேடிப் போனார்.